சுண்ணாம்பு தொட்ட சோளம்

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காலையும் மாலையும் ஸ்வெட்டர் இல்லாமல் நடக்க முடியாது. விமானம் ஏறி இரண்டு மணி நேரத்தில் யுகாத்தான் மாநிலத்தின் தலைநகரான மெரிடாவில் இறங்கினால் கடலோரப் புழுக்கம் சட்டையை நனைத்துவிடுகிறது. புதுச்சேரிக்கு வடமேற்கே சேதராப்பட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் புழுக்கம் பழகியதுதான். பகலில் அறைக்குள் முடங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகே வெளியே கிளம்பினேன். மெரிடாக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இருட்டும் நேரத்தில் சந்தியாகோ பூங்காவை ஒட்டிய சந்தையில் அடுப்புகள் பற்றிக்கொள்கின்றன. குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள்.

துணைக்கு ஒரு தம்பி இருந்தார். சொந்த ஊர் கும்பகோணம், வேலை மெக்சிகோ சிட்டியில். ஸ்பானிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணே, இங்க பனூச்சோ சாப்பிடாம போனா மெரிடாவுக்கு வந்ததுல அர்த்தமே இல்ல. ஆனா அந்த மஞ்சள் மிளகாயை மட்டும் பார்த்துத் தொடுங்க."

மஞ்சள் மிளகாய் என்று அவர் சொன்னது ஆபநேரோ. ஆந்திரா ஊறுகாய்க்கே அசராத நாக்கு என்னுடையது. இருந்தும் அதன் காரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தேன்.

பனூச்சோ யுகாத்தானின் பண்டம். மெக்சிகோ முழுவதும் மக்காச்சோள ரொட்டிக்குள் எதையாவது வைத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் வகைகள் ஏராளமாக உண்டு. குழலாகச் சுருட்டிப் பொரிப்பார்கள், பாதியாக மடித்துப் பொரிப்பார்கள். பனூச்சோவில் சுருட்டலும் இல்லை, மடிப்பும் இல்லை. ரொட்டியின் உடம்பையே இரண்டாகப் பிரித்து அதற்குள் பூரணத்தை வைக்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் அடுப்புக்கு அருகிலேயே இடம் பிடித்தேன்.

கழுத்தோரத்திலும் கீழ் விளிம்பிலும் பூத்தையல் போட்ட வெள்ளை உடையில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். மாயா இனத்துப் பெண்களின் உடை அது. எலுமிச்சை அளவு மாவை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்து, வலது கை விரல்களால் தட்டிக்கொண்டே இடது கையால் தாளைச் சுற்றினார். முன்பெல்லாம் இதை வாழை இலையில் வைத்துத்தான் தட்டுவார்களாம். உள்ளங்கை அகல வட்டம் தயாரானதும் இரும்புக் கல்லில் போட்டார். ஒரு பக்கம் வெந்து, திருப்பி, மறுபடியும் திருப்பியபோது மேல்பக்கத்துத் தோல் மெல்ல எழும்பி உப்பியது. உப்பாத ரொட்டியை அவர் பனூச்சோவுக்கு எடுக்கவே இல்லை. அதைத் தனியாக ஒதுக்கினார். உப்பியதை எடுத்து விளிம்பில் கத்தி முனையால் ஒரு கீறல். ஆவி வெளியேறியது. உள்ளே ஒரு பை.

அந்தப் பைக்குள் கறுப்பு பீன்ஸ் மசியலைக் கட்டைவிரலால் தடவினார். ஏபாசோத்தே என்னும் வாசனைத் தழை சேர்த்து வேகவைத்து, வடிகட்டி, கொழுப்பில் வதக்கிக் கெட்டியாக்கிய மசியல். என் பாட்டி வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவும் அதே சிக்கனம், அதே ஒற்றை விரல் இழுப்பு. அதிகமாக வைத்தால் பொரிக்கும்போது கிழியும் என்றார் அந்த அம்மாள். பிறகு சூடான எண்ணெயில் இறக்கினார். விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மிருதுவாகவும் இருக்கும்போதே எடுத்து வடியவிட்டு, மேலே பிய்த்த வான்கோழிக் கறி, லெட்டூஸ் இலை, தக்காளி, அவகாடோ என்று அடுக்கினார். கடைசியாக, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறி இளஞ்சிவப்பாக மாறியிருந்த வெங்காயம்.

சாப்பிட்டேன். முதலில் நொறுங்கும் சத்தம், அடுத்து பீன்ஸின் கனத்த மண்வாசம், அதற்கு மேல் வெங்காயத்தின் புளிப்பு. எல்லாம் அடங்கிய பிறகு நாக்கில் தங்கிய சுவைதான் என்னை யோசிக்க வைத்தது. அது சோளத்தின் இனிப்பு இல்லை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று. மழை விழுந்த கல்லின் வாசம் என்று சொல்லலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம், சாப்பாட்டில் மட்டும் சந்தித்ததில்லை.

"சுண்ணாம்புண்ணே" என்றார் தம்பி. "இங்க சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியிலதான் வேகவைப்பாங்க."

அந்த இரவு சரியாகத் தூங்கவில்லை. சுண்ணாம்பு என்றால் எங்கள் பக்கத்தில் சுவருக்கு, வெற்றிலைக்கு, பதநீர்க் கலயத்துக்கு. சாப்பாட்டுத் தானியத்துக்குமா?

மறுநாள் விடியலில் நகரத்தின் வெளிப்பகுதியில் இருந்த ஒரு சோள மில்லுக்குப் போனோம். பெண்களும் சிறுவர்களும் பிளாஸ்டிக் வாளிகளில் ஊறிய சோளத்தோடு வரிசையில் நின்றார்கள். மில் நடத்தும் பெரியவர் ஒரு பிடி சோளத்தை என் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக இருந்தது. இரண்டு விரலால் தேய்த்தேன். ஒவ்வொரு மணியின் மேல்தோலும் கூழாகக் கழன்று வந்தது. தோல் போன மணி பருத்து, நிறம் கொஞ்சம் ஏறி, விரலால் அழுத்தினால் பிளந்தது. வாளியில் மிச்சமிருந்த தண்ணீர் மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. நாலைந்து முறை கழுவி அதைக் கொட்டிவிட்டு, எரிமலைக் கல்லில் கொத்திய இரண்டு வட்டக் கற்களுக்கு நடுவே மணிகளைத் தள்ளினார்கள். மறுபக்கம் மாவு ஈரமாக, உருட்டிப் பிடிக்கும் பதத்தில் வந்து விழுந்தது.

வேதியியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இதை ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை சோளத் தோலில் உள்ள நார்ப்பொருளைக் கரைத்துவிடுகிறது. அதன் கால்சியம் மணிக்குள் இறங்குகிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் மக்காச்சோளத்தில் கிடையாது. வெறும் சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி விண்டுபோகும். சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் மாவுதான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது, தட்டினால் விரிகிறது, கல்லில் போட்டால் ஆவியை உள்ளே அடக்கி உப்புகிறது. அது உப்பினால்தான் பை. பை இருந்தால்தான் பனூச்சோ. நேற்றிரவு நான் சாப்பிட்ட பண்டத்தின் வடிவமே சுண்ணாம்பு கொடுத்தது.

இதைவிடப் பெரிய விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் பி-3 வைட்டமின் இருக்கிறது. ஆனால் நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி வேறு பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பில் வேகும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மத்திய அமெரிக்கப் பெண்கள் ஒவ்வொரு இரவும் சோளத்தைச் சுண்ணாம்பில் போட்டு ஊறவைத்ததால், சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட மாயா நாகரிகமும் அஸ்தெக் நாகரிகமும் நியாசின் குறைபாட்டு நோயில்லாமல் வளர முடிந்தது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், அடுப்படியில் இருந்தவர்கள் கண்டுபிடித்தது இது. பிரமிடுகளைப் பார்த்து வாய்பிளக்கும் பயணிகள் இந்த வாளிகளையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பெரியவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

யுகாத்தானின் வடபகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. தரைக்கு மேலே ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. நிலத்தடிக் குகைகளின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் செனோத்தே எனப்படும் இயற்கைக் கிணறுகள் திறந்துகொண்டன. மாயா மக்கள் குடித்தது அந்தத் தண்ணீரை. அவர்களுடைய கோயில்களுக்குப் பூசியதும் இந்தப் பாறையைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான். ஸ்பானியர்கள் வந்து 1542-இல் மெரிடாவை நிறுவியபோது, தோ என்ற பழைய மாயா நகரத்தின் கோயில் கற்களை எடுத்தே கட்டினார்கள். 1598-இல் முடிந்த பெரிய தேவாலயத்தின் சுவரிலும் அந்தக் கற்கள் இருக்கின்றன.

செனோத்தேக்களில் ஒரு பகுதி நேர்த்தியான வளைவில் அமைந்திருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மெரிடாவைச் சுற்றி யாரோ கவராயம் வைத்து இழுத்ததாகத் தோன்றும். இழுத்தது விண்ணிலிருந்து வந்து விழுந்த பாறை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் மோதி டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த விண்கல் விழுந்தது இங்கேதான். ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தில் பாதி கடலுக்கடியிலும் பாதி நிலத்துக்கடியிலும் புதைந்திருக்கிறது. மெரிடாவுக்கு வடக்கே, கடற்கரையில் இருக்கும் சிக்ஸுலூப் என்ற சிறிய மீனவ ஊரின் பெயரே அந்தப் பள்ளத்துக்கும். பள்ளத்தின் மேல் பிற்காலத்துக் கடல் படியவைத்த சுண்ணாம்புப் பாறைதான் இன்றைய தரை. செனோத்தே வளைவு அதன் விளிம்பைக் காட்டிக்கொடுக்கிறது.

சிக்ஸுலூப் கடற்கரையில் நின்று பார்த்தேன். பள்ளமும் இல்லை, பாறையும் இல்லை. படகுகள், வலைகள், கொளுத்தும் வெயில். ஆனால் மனது சேதராப்பட்டுக்கு ஓடியது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் கரசூர். மேற்கே வழுதாவூர். இந்தப் பெயர்கள் புவியியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக இருக்கின்றன. வழுதாவூர் அடுக்கு டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதிப் பகுதியில் கடலடியில் படிந்தது. கரசூர் அடுக்கு அந்தப் பேரழிவுக்குப் பிறகு, உலகம் மீண்டெழுந்த பேலியோசீன் காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல். 1840-களிலேயே புதுச்சேரிக்கு அருகில் சேகரித்த சிப்பிக் கற்களை லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதினார். நாங்கள் சிறுவயதில் வயல் வரப்பில் பொறுக்கி விளையாடிய கல்லுச் சிப்பிகள்தான் அவை. இன்று அந்தப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டையும் கான்கிரீட் சாலையும். விண்கல் விழுந்த இடம் யுகாத்தான். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதிவைத்திருக்கும் பக்கங்களில் ஒன்று எங்கள் ஊர் மண்ணுக்கடியில். பூமியின் மறுபக்கத்துக்கு வந்த பிறகுதான் என் ஊரின் வயது எனக்கு முழுதாக உறைத்தது.

சுண்ணாம்பு எங்களிடமும் எப்போதும் இருந்தது. அரியாங்குப்பம் பக்கம் ஓடும் ஆற்றுக்கே சுண்ணாம்பாறு என்று பெயர். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, வெற்றிலைக்குத் தடவினோம். புதுச்சேரிச் சுவர்களுக்குப் பூசினோம். மக்காச்சோளமும் வந்து சேர்ந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதர்கள் பழக்கியெடுத்த தானியம் மக்காச்சோளம். 1492-க்குப் பிறகு ஐரோப்பியர்கள் விதையை அள்ளிக்கொண்டு போனார்கள். பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் இரவில் வாளியில் என்ன போடுகிறார்கள் என்று நின்று கேட்கத் தோன்றவில்லை. சோளம் மட்டுமே சாப்பிட்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது, கடைசியில் உயிர் போனது. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இந்த நோயை முதன்முதலாக விவரித்தார். பெலாக்ரா என்று அதற்குப் பெயர். வட இத்தாலியில் பரவியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. தொற்றுநோய் என்றே பலர் நம்பிய காலத்தில், இது உணவுக் குறைபாடு என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிரூபிக்கப் போராடினார். நியாசின்தான் மருந்து என்று உறுதியானது 1937-இல். அத்தனை ஆண்டுகளும் மெக்சிகோவின் குடிசைகளில் அந்த மருந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது.

இந்த நோயின் வரலாற்றில் நம்மவர் ஒருவர் உண்டு. 1918-இல் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரிலும் பின்னர் ஹைதராபாத்திலும் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். தக்காணத்தில் மக்காச்சோளம் அல்ல, வெள்ளைச் சோளம் சாப்பிடும் ஏழைகளுக்கும் பெலாக்ரா வருவதைக் கண்டு, அந்தச் சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்று 1960-இல் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து எழுதினார். ஏழையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர். 2019-இல், நூறு வயதைத் தாண்டி மறைந்தார். அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மெரிடாவின் வீதிகளில் நடந்தால் நம் தோட்டம் எதிரே வரும். சப்போட்டா இந்தக் காட்டின் மரம். அதன் பாலைக் காய்ச்சித்தான் சூயிங்கம் செய்தார்கள். பப்பாளி இந்தப் பக்கத்தது. இறந்தவர்களை அழைக்கும் நவம்பர்த் திருநாளுக்கு இவர்கள் தோரணம் கட்டும் செண்டுமல்லி, நம் ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டும் அதே செண்டுமல்லி. பதிலுக்கு, அந்த பனூச்சோத் தட்டில் இருந்த வெங்காயமும் புளிப்பு ஆரஞ்சும் கடல் கடந்து இங்கே வந்தவை. முன்பு மாவு தட்டிய வாழை இலையும் நம் ஆசியாவிலிருந்து வந்தது.

திரும்பும் வழியில் மெக்சிகோ சிட்டியில் ஒரு முழுப் பகலை மத்திய கல்வி அமைச்சகத்தின் பழைய கட்டடத்தில் கழித்தேன். 1920-களில் தியேகோ ரிவேரா அதன் முற்றத்துச் சுவர்களை ஓவியங்களால் நிரப்பினார். உழவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், சோளக் கதிர்கள். அந்தக் காலத்து மெக்சிகோவில் ரிவேராவின் நண்பர் வட்டத்தில் ஓர் இந்தியர் இருந்தார். ரிவேராவின் சுவரோவியத்திலும் இருக்கிறார். பாண்டுரங் கான்கோஜே. வார்தாவில் பிறந்தவர், இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் அரசு நாட்டுக்குள் விடாததால் உலகமெல்லாம் அலைந்து, 1924-இல் மெக்சிகோ வந்து, சாபிங்கோ வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். மக்காச்சோளத்தின் விளைச்சலைக் கூட்ட ஆராய்ச்சி செய்தார். ஏழை உழவர்களுக்காக இலவச வேளாண் பள்ளிகளை நடத்தினார். சொந்த நாட்டுக்குப் போக முடியாத ஒரு புரட்சிக்காரர், அடுத்த நாட்டு உழவரின் சோளக்காட்டில் தன் அறிவையெல்லாம் கொட்டியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா திரும்பி 1967-இல் நாக்பூரில் காலமானார். அவர் திரும்பிய இந்தியாவில் சோளத்தைச் சுண்ணாம்பில் ஊறவைப்பவர் யாருமில்லை.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இன்று மக்காச்சோளம் கண்ணுக்கு எட்டியவரை நிற்கிறது. அரியலூரின் மண்ணுக்கடியில் இருப்பதோ கிரிட்டேசியஸ் கடலின் சுண்ணாம்புக்கல். மேலே விளைவது நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. கீழே இருப்பது சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அதனால்தான், மெரிடாவை விட்டுக் கிளம்பும்முன் அந்த மில் பெரியவரிடம் அளவுகளையெல்லாம் எழுதி வாங்கியிருந்தேன். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குப் பத்து கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள். மூழ்கும் அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர். தோல் கழலும்வரை மிதமான தீ. இறக்கி மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விடவேண்டும். காலையில் வழுவழுப்பு போகும்வரை கழுவி அரைக்கவேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர் நல்லது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே கூடாது.

மெக்சிகோ சிட்டியில் அன்று இரவு எட்டு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். சேதராப்பட்டில் அப்போது காலை ஏழரை. அடுப்பில் வேலையாக இருந்தார்.

"சுண்ணாம்புல வேகவச்சா வாய் வெந்துடாதாடா?"

"நல்லா கழுவிட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புதான். இங்க கைக்குழந்தை கூடச் சாப்பிடுது."

"சோளம் கோழித் தீவனக் கடையில கிடைக்கும், வாங்கட்டுமா?"

"அது வேணாம்க்கா. பூஞ்சை இருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் காட்டுல காயவச்சதா கேட்டுப் பாப்போம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்:

"உள்ள வைக்க அந்தக் கறுப்பு பீன்ஸுக்கு நான் எங்கடா போவேன்? காராமணியை மசிச்சு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்க்கா. கொஞ்சமா வைங்க, இல்லேன்னா பொரிக்கும்போது கிழிஞ்சிடும்."